முட்டையா குற்றவாளி?

தோழா!

குற்றவாளிக் கூண்டிலே ஒரு முட்டை ஏற்றப்பட்டிருக்கிறது.

உலகம் கொதிக்கிறதாம், பனிமலை உருகுகிறதாம், கடல் கரையை விழுங்குகிறதாம். இத்தனைக்கும் காரணம் தேடிப் புறப்பட்டவர்கள், ஆலையிலே எட்டு மணி நேரம் இரும்போடு போராடிவிட்டு வந்து உட்காரும் உழைப்பாளியின் தட்டை எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே கிடக்கிறது ஓர் அவித்த முட்டை; அதிர்ஷ்டமிருந்தால் ஒரு கோழித்துண்டு. "பிடித்துவிட்டோம் குற்றவாளியை!" என்று கூவுகிறார்கள். "பசுமை நாள்" என்று ஒரு நாளைக் குறித்து, அன்று அந்த முட்டையை அகற்றிவிட்டால் பூமி குளிர்ந்துவிடும் என்கிறார்கள்.

இந்தப் பேச்சு மேல்நாட்டு அலுவலகங்களிலே பிறந்தது. அது பாடிக்கு வரும் நாளிலே நீ பதிலோடு நிற்க வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வரலாறு கேள். அமெரிக்காவிலே வீவொர்க் என்றொரு நிறுவனம். அலுவலக இடங்களை வாடகைக்கு விடுவது அதன் தொழில். 2018 ஜூலையில் அது தன் ஊழியருக்கு அறிவித்தது: இறைச்சி கலந்த உணவுக்கு இனி நிறுவனம் பணம் தராது, சுற்றுச்சூழலைக் காப்பதற்காகவே இந்த முடிவு என்று. ஆகா, என்ன அக்கறை, என்ன அருள் உள்ளம் என்று மெச்சத் தோன்றுகிறதல்லவா? பொறு. அதே 2018ஆம் ஆண்டிலே அதே நிறுவனம் 6 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்து, தனி ஜெட் விமானம் ஒன்றை வாங்கிற்று! ஊழியனின் தட்டிலே கோழி பறக்கக் கூடாது. முதலாளிக்காக வானத்திலே விமானம் பறக்கலாம்! 2023 நவம்பரில் அந்த நிறுவனம் திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது என்பது கதையின் பிற்பகுதி. நமக்கு வேண்டியது முற்பகுதி. புகையைக் குறைப்பது என்று முடிவெடுக்கும்போது, முதல் வெட்டு யாருடைய தட்டிலே விழுகிறது? கேள்வி அதுதான்.

ஆனால் தோழா, நம்மவரிலும் சிலர் இருக்கிறார்கள். "கரியமில வாயுவா? அது கனவான்கள் பொழுதுபோக்கு. கூலியைப் பற்றிப் பேசு, போனசைப் பற்றிப் பேசு" என்று கையை உதறுகிறார்கள். அவர்களையும் நான் விடப்போவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததே, அப்போது நனைந்தது கனவானின் கம்பளமா, சிறு பட்டறையின் கடைசல் இயந்திரமா? வெப்ப அலையைப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்ததே, அந்த வெப்பத்திலே வெந்தவர் யார்? தகரக் கூரையின் கீழ் நின்றவரும் அடுப்பின் முன் நின்றவரும் அல்லவா! கூலியைப் பற்றிப் பேசுகிறவன் வெயிலைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். வெயிலும் கூலியைத்தான் தின்கிறது.

ஆகவே, புகையைக் குறைக்க வேண்டும் என்பதிலே நமக்கும் அவர்களுக்கும் சண்டையில்லை. எங்கே தொடங்குவது, யார் முடிவு செய்வது என்பதிலேதான் சண்டை. சாட்சியங்களைப் பார்ப்போம்.

2018ஆம் ஆண்டிலே "சயன்ஸ்" என்ற அறிவியல் இதழில் பூர், நெமசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டிப் போட்ட கணக்கு அது. மனிதன் வெளியேற்றும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ 26 விழுக்காடு உணவு வழியே வருகிறது என்றார்கள். மாட்டிறைச்சி பட்டியலின் உச்சியிலே நின்றது, மறைக்க வேண்டியதில்லை. அந்த உச்சியிலும் இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மந்தைகளின் கணக்கே மிக உயரம். பாலுக்கு வளர்த்த மாட்டின் இறைச்சிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. கீழே வா. கோழி, கிலோவுக்கு 10 கிலோவுக்குள். முட்டை, 5 கிலோவுக்குள். அரிசி, 4 கிலோவுக்குச் சற்று மேல். பருப்பு வகை, 2 கிலோவுக்குள். பாலாடைக்கட்டி? கிலோவுக்கு 20 கிலோவையும் தாண்டுகிறது!

பார்த்தாயா வேடிக்கையை! முட்டையைக் கூண்டிலேற்றி "பசுமை நாள்" கொண்டாடும் விருந்திலே, அதற்குப் பதிலாக வந்து அமர்வது என்ன? பன்னீர். ஒரு கிலோ பன்னீருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் பால் வேண்டும். அந்தப் பாலைத் தரும் மாடு அசைபோடும்போதெல்லாம் மீத்தேன் விடுகிறது. முட்டையை விரட்டிவிட்டுப் பன்னீரை அரியணை ஏற்றியவன் புகையைக் குறைக்கவில்லை. தன் பழைய விருப்பத்துக்குப் புதிய பெயர் சூட்டியிருக்கிறான். அரிசியும் முட்டையும் கிலோவுக்குக் கிலோ ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதையும் கவனி. சோற்றைக் கூண்டிலேற்ற யாருக்கேனும் துணிவுண்டா?

இந்த நாட்டிலே தட்டுக்கு ஒரு வரலாறு உண்டு, தோழா. இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிறப்பைப் பார்த்து இடம் பிரித்த கேவலம் 1941 வரையில் நீடித்து, போராட்டத்தின் பின்னரே ஒழிந்தது. பள்ளிப் பிள்ளைக்குப் பகலுணவு 1956இல் காமராசர் ஆட்சியில் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் அதிலே முட்டை சேர்ந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்த முட்டை அது! அதை விரட்ட நினைக்கிறவன் முதலில் ஊட்டத்திற்குப் பதில் சொல்லட்டும். வள்ளலார் புலாலை மறுத்தார்; 1867இல் வடலூரிலே அடுப்பை மூட்டி, வந்தவர்க்கெல்லாம் சோறிட்டார். அவருடைய மறுப்பு அருளிலே பிறந்தது. பசித்தவனைப் பார்த்து ஆணையிடவில்லை அவர்; பசித்தவனுக்குப் பந்தி போட்டார். தானே விரும்பி விடுவது வேறு. மேலே இருப்பவன் கீழே இருப்பவன் தட்டிலிருந்து எடுப்பது வேறு.

சரி, முட்டை நிரபராதி என்றால் முதல் குற்றவாளிகள் யார்? ஆலைக்குள்ளே என்னோடு நடந்து வா, ஒவ்வொருவராகக் காட்டுகிறேன்.

முதலாவது, அடுப்பு. சமையல் எரிவாயு 1 கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயு கிளம்பும். கடைகளிலும் கேண்டீன்களிலும் உருட்டி வருகிறார்களே 19 கிலோ உருளை, அது ஒன்று காலியானால் 57 கிலோ. 55 கிராம் முட்டை ஒன்றுக்குக் கால் கிலோ என்று கணக்கிட்டால், ஓர் உருளை ஏறத்தாழ 220 முட்டைக்குச் சமம்! மூடி போடாத அண்டாவும், ஊறவைக்காத பருப்பும், அடைத்துப்போன பர்னரும் நாள்தோறும் எத்தனை முட்டையைப் புகையாக்குகின்றன என்று எந்த அறிக்கையாவது எழுதிற்றா? விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லிலே 1997இல் எழுந்த பொது உணவுக்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்திலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்தார்கள். வெயிலை அதிலே பிடித்து, நீராவியாக்கி, ஆயிரம் பேருக்குச் சமைப்பதற்காக! ஷீரடியிலே 2009இல் 73 குழியாடிகளை நிறுத்தி, பக்தர்களின் சோற்றை வெயிலிலே வேகவைத்தார்கள். பாடிக்கு வெயில் இல்லையா? கூரை இல்லையா? இரண்டும் ஏக்கர் கணக்கிலே இருக்கின்றன.

இரண்டாவது, எச்சில் தொட்டி. 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் அறிவித்தது. அதிலே 28 விழுக்காடு உணவகங்கள், கேண்டீன்கள் போன்ற இடங்களிலிருந்து வந்தது. ஆயிரம் பேர் உண்ணும் கூடத்திலே ஆளுக்கு ஒரு பிடி, 50 கிராம் மட்டுமே எஞ்சினாலும், நாளைக்கு 50 கிலோ; 300 நாளில் 15 டன்! உழவன் விளைவித்து, மின்சாரம் அரைத்து, எரிவாயு வேகவைத்து, கடைசியிலே குப்பைக்குப் போகும் 15 டன். அது எங்கே போகிறது தெரியுமா? பாடியும் அம்பத்தூரும் அடங்கிய வட்டாரத்தின் குப்பை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று கொடுங்கையூர். அங்கே சோறு காற்றின்றி அழுகி மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கிலே கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. சுற்றி வாழ்வோர் யார்? வடசென்னையின் ஏழைகள். பாடியிலே உண்டது ஒருவர். கொடுங்கையூரிலே மூச்சுத் திணறுவது வேறொருவர். நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்க்கும் நிறுவனங்கள் மட்கும் குப்பையை முடிந்தவரை தம் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. 100 கிலோ எச்சிலைக் கலனிலே இட்டால் ஏறத்தாழ 10 கன மீட்டர் எரிவாயு. அது நாலைந்து கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. குற்றவாளியையே கூலிக்காரனாக்கலாம், மனமிருந்தால்!

மூன்றாவது, குளிர்காற்று. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றே கால், ஒன்றரை யூனிட் மின்சாரம். நம் நாட்டு மின்சாரத்தின் கணக்கிலே அது ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு. மணிக்கு நாலு முட்டை! 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலே தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டுமென விதி வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்றார்கள். 18இலே வைத்துவிட்டு, மேலே ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு, சுற்றுச்சூழலைப் பற்றிக் கூட்டம் போடுகிறவர்களை என்னென்பது! இன்னொன்றும் கேள். ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயு, பழுதுபார்க்கும்போது 1 கிலோ கசிந்தால், அது 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. கிட்டத்தட்ட 7,000 முட்டை! ஓர் உழைப்பாளி நாள்தோறும் ஒரு முட்டையாக 19 ஆண்டு தின்றாலும் அந்த ஒரு கிலோ கசிவுக்கு எட்டாது.

நாலாவது குற்றவாளி தந்திரக்காரன். கண்ணுக்குத் தெரியமாட்டான், கணக்குப் புத்தகத்திலே ஒளிந்திருப்பான். பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல் பொறுப்பை 2022-23 நிதியாண்டு முதல் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி விதித்தது. தன் ஆலையில் எரிப்பதன் புகையும் தான் வாங்கும் மின்சாரத்தின் புகையும் கட்டாயப் பகுதியிலே. பிறரிடம் வாங்குவதன் புகை, விரும்பினால் எழுதும் பகுதியிலே. இதன் பொருள் என்ன? கேண்டீனை ஒப்பந்தக்காரரிடம் விட்டு, சமையலை ஆலைக்கு வெளியே தள்ளி, சோற்றை வண்டியிலே வரவழைத்துவிட்டால், அடுப்பின் புகை நிறுவனத்தின் கட்டாயக் கணக்கிலிருந்து நழுவிப்போகும். ஏட்டிலிருந்து புகை மறைந்தது, வானத்திலிருந்து மறைந்ததா? வண்டிப் புகை வேறு கூடிற்று! நிரந்தரச் சமையல்காரர் போய், நாள்கூலிக்கு வந்தவர் அடுப்பின் முன் நின்று வேர்வையிலே வேகிறார். புகையையும் ஒப்பந்தத்திற்கு விட்டாயிற்று. மனிதனையும் ஒப்பந்தத்திற்கு விட்டாயிற்று.

இவர்களை அடக்க முடியாதா? முடியும். பாடிக்கு அது தெரியும். 1960களின் தொடக்கத்திலே இங்கே ஆலைகள் எழுந்தன: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். அந்தச் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலே முதன்முதலில் அதைப் பெற்றது பாடிதான். அந்தப் பரிசு எதற்கு? பத்து இலட்சம் உறுப்பிலே எத்தனை பழுது என்று எண்ணும் ஒழுங்குக்கு. வீணானது எது என்று கடைநிலை உழைப்பாளியே கண்டு சொல்லும் முறைக்கு. தோழா, இரும்பிலே ஒரு மயிரிழைப் பிழையைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணுக்கு, தொட்டியிலே விழும் 50 கிலோ சோறு தெரியாதா? எச்சிலை எடைபோட ஜப்பானியப் பேராசிரியர் வர வேண்டுமா? ஒரு தராசும் ஒரு கரும்பலகையும் போதும்! நேற்று இவ்வளவு எஞ்சியது, இன்று இவ்வளவு என்று கேண்டீன் வாசலிலே எழுதி வை. எஞ்சியதைப் பார்த்து மறுநாள் அரிசி அளக்கப்படட்டும். அளவு தானே இறங்கும்.

யார் எழுதுவது, யார் அளப்பது என்கிறாயா? சட்டம் அதற்கு வழி வைத்தது; நாம்தான் மறந்தோம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. அதன்கீழ் வந்த 1950ஆம் ஆண்டுச் சென்னை விதிகள் கேண்டீன் நிர்வாகக் குழு ஒன்றை அமைத்தன. நிர்வாகம் நியமிப்பவர் எத்தனையோ, தொழிலாளர் தேர்ந்தெடுப்பவர் அத்தனை. உணவின் தரமும் அளவும் பட்டியலும் அந்தக் குழுவைக் கலந்தே முடிவாக வேண்டும். எண்ணிப் பார், தோழா: என்ன சமைப்பது என்பதிலே உழைப்பாளிக்கு வாக்குரிமை! 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் பழையதை அகற்றி, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேண்டீன் என்கிறது. எண்ணிக்கை இறங்கியது நல்லது. ஆனால் அந்த வாக்குரிமை இம்மியும் குறையாமல் இருக்க வேண்டும்; ஒப்பந்தத் தொழிலாளரும் அதிலே அமர வேண்டும். அதைக் காவல் காப்பது நம் வேலை.

குரலற்ற பந்தி என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி தொலைவில் இல்லை. 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் தங்கி ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போய்வந்த பெண்களில் 150க்கும் மேற்பட்டோர், உண்ட உணவு நஞ்சாகி மருத்துவமனை சேர்ந்தார்கள். அந்த இளம்பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நல்ல சோற்றுக்கே சாலையிலே உட்கார வேண்டியிருந்த ஊரிலே, "பசுமைச் சோறு" என்று ஒருவன் பேச வந்தால், முதல் கேள்வி இதுதான்: உண்பவரைக் கேட்டாயா?

ஆகவே, தோழா, வெறும் ஏச்சோடு நிறுத்தாதே. உன் ஆலையிலே கேண்டீன் குழுவுக்குத் தேர்தல் எப்போது நடந்தது என்று சங்கத்திலே கேள். எத்தனை உருளை, எத்தனை யூனிட், எவ்வளவு எச்சில் என்று மாதந்தோறும் கணக்குக் கேள். அண்டாவுக்கு மூடியும், கூரைக்கு வெயில் கலனும், எச்சிலுக்கு வாயுக் கலனும் கேள். சமையல்காரரின் முகத்துக்கு நேரே எரியும் நெருப்புக்குப் பதில் நீராவி கேள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டி விளைவித்த நெல்லுக்கு வயலிலே மீத்தேன் 30 விழுக்காடும் அதற்கு மேலும் குறைகிறது. அப்படி விளைவித்த உழவனிடம் அரிசி வாங்கச் சொல். வாரம் இரு நாள் கேழ்வரகும் கம்பும் பயறும் பந்திக்கு வரட்டும். குழு கூடி முடிவெடுத்து வரட்டும். முட்டை வேண்டாதவன் வேண்டாமென்று சொல்லும் உரிமையும், வேண்டுமென்பவன் உண்ணும் உரிமையும் ஒரே மேசையிலே இருக்கட்டும். அதிகாரிக்கு ஒரு கூடம், ஆளுக்கு ஒரு கூடம் என்ற பிரிவு அங்கே வேண்டாம். ஒரே அடுப்பு எரிந்தால் எரிவாயுவும் மிச்சம், மானமும் மிச்சம்!

மணிமேகலையின் கையிலே அமுதசுரபி இருந்தது. சிறைக்கோட்டத்தையே அவள் அறக்கோட்டமாக்கினாள் என்பது நம் காப்பியக் கதை. நம் கையிலே அமுதசுரபி இல்லை. அளந்து பொங்கி, பகிர்ந்து உண்டு, எஞ்சாமல் துடைக்க வேண்டிய வெறும் அண்டாதான் இருக்கிறது. அதை நேர்மையாகக் கையாள நமக்குத் தெரியும்.

கூண்டிலே நிற்கும் முட்டையை இறக்கி விடு, தோழா. அது தட்டுக்குப் போகட்டும். கூண்டு காலியாகக் கூடாது. உருளையையும், தொட்டியையும், 18 டிகிரிக் குளிரையும், ஏட்டிலே மறைத்த புகையையும் அதிலே ஏற்று. விசாரணை கேண்டீன் குழுவிலே நடக்கட்டும். நீதிபதி ஆசனத்திலே, தட்டோடு வரிசையில் நிற்பவன் அமரட்டும்!